நாக்சோஸ் தீவின் இரீனி கொனிடோபூலு: வயலின்காரர் மகள், பாடகியின் தாய்

வெள்ளிவீதி
திங்கள், இரவு 11.20

இரண்டு வாரமாக ஒரே குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவைச் சேர்ந்த இரீனி கொனிடோபூலு-லெகாகி. 1931-இல் பிறந்தவர், 2022-இல் தொண்ணூறு வயதில் காலமானார். அப்பா மிகாலிஸ் வயலின் வாசிப்பவர். ஊரில் எல்லோரும் மோஸ்கோமிகாலிஸ் என்றே அழைப்பார்களாம். தம்பி யோர்கோஸும் வயலின். இன்னொரு தம்பி வாங்கெலிஸ் பாடகர். இரீனியின் மகள் எலெனி லெகாகியும் பாடகி. சகோதரர்களின் பிள்ளைகளில் ஸ்டெல்லாவும் நாசியாவும் இன்றைக்கும் மேடையில் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குள் இத்தனை பேர்.

எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் என்னை உட்கார வைத்துவிடுகிறது. மெருகேற்றிய குரல் கிடையாது. வயிற்றிலிருந்து எழுந்து நேராக வாய்க்கு வருகிற குரல், வயல் வரப்பில் நின்று எதிர் வரப்பில் இருப்பவரைக் கூப்பிடுவது போல. வரியின் முடிவில் சுரத்தை இழுத்துப் பிடிக்காமல் சட்டென்று விட்டுவிடுகிறார். விட்ட இடத்தில் வயலின் எடுத்துக்கொள்கிறது.

இந்த இசையை விவரம் தெரிந்து கேட்க ஆசைப்படுகிறேன். என்ன வாத்தியங்கள், என்ன பாட்டு, எங்கே பாடுவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பல்காரன்
செவ்வாய், காலை 6.05

தம்பி, இந்தப் பெயரை இங்கே பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. நான் ஆறு வருடம் கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவன். எங்கள் சமையல்காரர் நாக்சோஸ்காரர். காலை நான்கு மணிக்கு ரொட்டிக்கு மாவு பிசையும்போது இந்த அம்மாவின் கேசட்டைத்தான் போடுவார். அந்தக் கேசட் தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கம் கரகரவென்றுதான் பாடும், அவர் மாற்றவே மாட்டார். என் வாட்ச், அதாவது வேலை முறை, முடிந்து மேலே ஏறி வரும்போது மாவு வாசனையும் இந்தப் பாட்டும் சேர்ந்தே வரும்.

அவர்கள் இந்த வகைப் பாட்டை நிசியோடிகா என்பார்கள். நிசி என்றால் தீவு. தீவுப் பாட்டு, அவ்வளவுதான். மலைநாட்டுக் கிரேக்கர்களின் பாட்டு வேறு, அங்கே கிளாரினெட் ராஜா. தீவில் வயலின்தான்.

ஒரு வருடம் ஆகஸ்டில் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் பழுதுக்கு நின்றது. எனக்கு நான்கு நாள் விடுப்பு. சமையல்காரர் என்னைக் கையோடு ஊருக்குக் கூட்டிப் போனார். அந்த இரவைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. வேலை முடிந்து சாயங்காலம் வருகிறேன்.

நரம்பிசை
செவ்வாய், மதியம் 1.40

வாத்தியம் பற்றி நான் சொல்கிறேன். நான் வயலின் வாசிப்பவள், கர்நாடக சங்கீதம் கற்றவள். அந்தக் காதோடுதான் இதைக் கேட்கிறேன், அதனால் தவறு இருந்தால் திருத்துங்கள்.

அடிப்படை இரண்டே வாத்தியம்: வயலின், லவூத்தோ. வயலினை அவர்கள் வியோலி என்கிறார்கள். லவூத்தோ நீண்ட கழுத்துள்ள வீணை வகை, பெரிய பேரிக்காய் வயிறு, நான்கு இரட்டைத் தந்திகள். இந்த இரண்டும் சேர்ந்த ஜோடிக்கு ஸிகியா என்று பெயர். நுகம் என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முன்னே ஓடினால் இன்னொன்றும் ஓடியாக வேண்டும்.

தாளத்தைத் தாங்குவது லவூத்தோ. முந்தைய காலத்தில் கழுகு இறகின் தண்டைத்தான் மீட்டுகோலாகப் பிடித்தார்கள். மேலிருந்து கீழே ஓர் அடி, கீழிருந்து மேலே ஓர் அடி, நடுவில் ஒரு சின்ன இரட்டை அடி. பழைய இரண்டு பேர் பதிவுகளில் மத்தளமே தேவைப்படாது. வெள்ளிவீதி, உங்களிடம் அப்படி ஒரு பதிவு இருந்தால் ஒரு முறை குரலையும் வயலினையும் மனத்தால் ஒதுக்கிவிட்டு லவூத்தோவை மட்டும் பின்தொடருங்கள். ஒரே சுரத்தில் நின்றுகொண்டு அந்த மனிதர் எத்தனை விதமாக அடிக்கிறார் என்று தெரியும்.

இன்னொன்று. தீவு வயலின்காரர்கள் சில நேரம் நான்காவது தந்தியை இறக்கிச் சுருதி சேர்ப்பார்கள். மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ. இவர்கள் அந்த இ-யை டி-க்கு இறக்கி ஜி, டி, ஏ, டி என்று வைப்பார்கள். அதற்குத் துருக்கி முறை என்றே பெயர். இறக்கிய தந்தி கொஞ்சம் தளர்ந்து மூக்கால் பேசுவது போல ஒலிக்கும், பக்கத்துத் தந்தியோடு சேர்ந்து ரீங்காரமும் இடும். நாமும் ஐரோப்பிய வயலினை வாங்கிச் சுருதியை மாற்றி ஸ-ப-ஸ-ப என்று வைத்துக்கொண்டவர்கள்தானே. பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் நடந்ததுதான் வேறு வழியில் அங்கேயும் நடந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்தத் தீவு பக்கத்தில் வந்துவிடுகிறது.

கப்பல்காரன்
செவ்வாய், இரவு 9.15

சரி, அந்த இரவு.

பிரேயஸிலிருந்து நாக்சோஸுக்குச் சாதாரணக் கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். சிக்லாடீஸ் தீவுகளிலேயே பெரியது அதுதான். கரையில் இறங்கினால் கடல், ஹோட்டல், வெள்ளைச் சுவர். பஸ்ஸில் ஏறி உள்ளே போனால் வேறு தீவு: மலை, ஆடு, உருளைக்கிழங்கு வயல், பளிங்குச் சுரங்கம். கொனிடோபூலோஸ் குடும்பத்தின் ஊரான கினிதாரோஸும் அப்படி ஒரு மலையூர்தான். பளிங்குக்கும் பாட்டுக்காரர்களுக்கும் பெயர் போனது. நாங்கள் போனது இன்னொரு மலையூருக்கு.

ஆகஸ்ட் 15, மாதா கோயில் திருவிழா. ஊர்த் திருவிழாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் பனிகிரி. காலையில் பூசை. இரவு பத்து மணிக்கு மேல்தான் சதுக்கத்தில் மேசை போட்டார்கள். பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ஜக்கில் வீட்டு ஒயின். மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு பலகை. வயலின், லவூத்தோ, ஒரு பாடகி, ஒரு டிரம்ஸ்காரர்.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு மேசைக் கூட்டமும் தன் முறைக்கு எழுந்து ஆடும். முதலில் சிர்தோஸ். கை கோத்து வளைந்த வரிசையாகப் போவார்கள், முன்னால் நிற்பவர்தான் தலைவர். அவர் வயலின்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான், பாட்டு மாறிவிடும். அப்புறம் பாலோஸ். இது இருவர் ஆட்டம், கையைப் பிடிக்காமல் எதிரெதிரே நின்று ஆடுவது. இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயராம். ஆடுகிறவரின் சொந்தக்காரர்கள் வந்து வாத்தியக்காரர்கள் முன்னால் பணத்தை வைப்பார்கள். அதற்கு ஹர்தூரா என்று பெயர். வைத்துவிட்டுக் காதில் ஏதோ சொல்வார்கள், அந்தப் பாட்டு வரும்.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர். இரவு முழுக்க எழவே இல்லை. விடிகாலை மூன்று மணி வாக்கில் ஒரு பாலோஸ் தொடங்கியதும் கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். எதிரே அவர் மனைவி. இரண்டு பேரும் ஓர் அடி இடத்துக்குள்தான் ஆடினார்கள், கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. வயலின்காரர் நாற்காலியோடு முன்னே நகர்ந்து, அந்தப் பெரியவரின் காலைப் பார்த்தபடியே வாசித்தார். கால் நிதானித்தால் வில்லும் நிதானிக்கும். கண்ணால் பார்த்தது இது.

அந்தப் பாட்டு இரீனி அம்மா பாடி என் கப்பல் கேசட்டில் இருந்த அதே பாட்டு. சமையல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மழைக்காலம்
செவ்வாய், இரவு 10.02

கப்பல்காரன் ஐயா, படிக்கும்போதே சிலிர்க்கிறது. ஒரு சின்னச் சந்தேகம். அண்ணன் தம்பி கொனிடோபூலோஸ், அக்கா கொனிடோபூலு. ஏன் இப்படி? அப்புறம் பாட்டில் என்ன சொல்கிறார்கள்?

ஏதென்ஸ்வாசி
புதன், காலை 8.30

கிரேக்கக் குடும்பப் பெயர் ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். கொனிடோபூலோஸ் வீட்டுப் பெண் கொனிடோபூலு. லெகாகிஸ் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் லெகாகி. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

நான் பதினோரு வருடமாக ஏதென்ஸில் இருக்கிறேன். பாட்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். தீவுப் பாட்டின் விதை இரண்டு வரிக் கவிதை. எதுகை போல நாம் முன்னால் வைப்பதை அவர்கள் வரியின் கடைசியில் வைப்பார்கள், இரண்டு வரியும் ஒரே ஓசையில் முடியும். நாக்சோஸில் இதற்குக் கொத்சாகியா என்று பெயர், வரிக்கு எட்டு அசை. கிரீட்டிலும் இன்னும் பல தீவுகளிலும் மந்தினாதா, வரிக்குப் பதினைந்து அசை. எட்டு முடிந்ததும் ஒரு மூச்சு, பிறகு ஏழு. 1207-இல் தொடங்கி மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் நாக்சோஸ் வெனிஸ்காரர்களின் சிற்றரசுக்குத் தலைநகராக இருந்தது. இந்தக் கடைசி ஓசை இயைபு கிரேக்கப் பாட்டுக்குள் வந்ததே மேற்கத்தியர் தொடர்பால்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பழைய கிரேக்க நாட்டுப்பாடல்களில் அது கிடையாது.

முக்கியமானது என்னவென்றால், இந்த இரண்டு வரியை அந்த இடத்திலேயே கட்டுவார்கள். நாக்சோஸின் அபிராந்தோஸ் என்ற ஊர் அதற்கே பெயர் எடுத்தது. ஒருவர் ஒரு கொத்சாகி சொல்ல, எதிர் மேசைக்காரர் பதில் கட்ட, இரவு போய்விடும். காதல், கேலி, பிரிவு, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய புதுக் கழுதை, எதுவும் பொருளாகலாம்.

என் வீட்டுக்குக் கீழ்த் தளத்தில் ஒரு பாட்டி இருந்தார், நாக்சோஸ் மலையூர்க்காரர். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வானொலி கேட்பார். ஒரு நாள் இரீனியின் பாட்டு போயிற்று. பாட்டி கத்தியை நிறுத்திவிட்டு, "இந்த இரண்டாவது ஜோடி எங்கள் ஊரில் வேறு மாதிரி" என்று சொல்லித் தன் ஊர் வரியைப் பாடிக் காட்டினார். அந்தக் குரலில் இரீனியின் அதே வெட்டு இருந்தது, வரி முடிவில் சட்டென்று விடுகிற அதே பழக்கம். வெள்ளிவீதி, நீங்கள் கவனித்த அந்த விடுதல் அந்த ஊர்ப் பெண்கள் பாடுகிற முறை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வரியை அவர் விட்டால்தானே கூட்டம் எடுத்துத் திரும்பப் பாடும்.

பழைய தட்டு
புதன், இரவு 7.50

எல்லோரும் அன்போடு எழுதுகிறீர்கள். நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கொனிடோபூலோஸ் குடும்பம் தீவு இசையை நாடு முழுக்கக் கொண்டுபோனது என்பது உண்மை. ஆனால் போன வழியில் என்ன உதிர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஏதென்ஸில் பதிவான இசைத்தட்டுகளைக் கேளுங்கள். டிரம்ஸ், எலெக்ட்ரிக் பேஸ், கீபோர்டு. லவூத்தோவின் இறகு அடி, நரம்பிசை அக்கா சொன்ன அந்த இரட்டை அடி, இதெல்லாம் டிரம்ஸுக்கு அடியில் புதைந்துவிட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஒவ்வொரு தீவுக்கும் தனி வாசிப்பு இருந்தது. வயலின் வருவதற்கு முன் சிக்லாடீஸ் முழுக்க த்சம்பூனாதான். ஆட்டுத்தோல் பை, அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாணல் குழல், கூடவே தூபாகி என்ற சின்ன மத்தளம். ஆறே சுரம்தான் வரும். அந்த ஆறு சுரத்துக்குள் ஒரு இரவு முழுக்க ஆட வைத்தார்கள். பை நிறைய காற்று இருப்பதால் வாசிப்பவர் வாயை எடுத்துவிட்டு ஒரு ஜோடி வரி பாடுவார், குழல் தானாக ஒலித்துக்கொண்டே இருக்கும். பாடி முடித்து மறுபடி ஊதுவார். இப்படி ஒரே ஆள் பாடகரும் வாத்தியக்காரருமாக இருந்தார். வானொலியும் தட்டும் வந்தபிறகு எல்லாத் தீவும் நாக்சோஸ் வயலின் போலவே வாசிக்கத் தொடங்கியது. "தீவுப் பாட்டு" என்றால் ஒரே ஒரு ஓசை என்று ஆகிவிட்டது. யோர்கோஸ் கொனிடோபூலோஸ் புதிதாகக் கட்டிய பாட்டுகளையே இன்று பலர் தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு என்று நினைக்கிறார்கள்.

இரீனியின் குரலை நானும் மதிக்கிறேன். ஆனால் இதை நாட்டுப்பாடல் என்பதா, தொழில்முறை மேடை இசை என்பதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

நரம்பிசை
புதன், இரவு 9.05

பழைய தட்டு, கீபோர்டு பற்றிச் சொன்னது எனக்கும் வலிக்கிற இடம்தான். சில தட்டுகளில் வயலினே ஒரு ஓரத்தில் கிடக்கிறது. நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் தொழில்முறை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பனிகிரியில் வாசித்து ஹர்தூரா வாங்கிப் பிழைத்த வயலின்காரர் தொழில்முறைக்காரர்தானே? மோஸ்கோமிகாலிஸ் அப்படித்தான் வாசித்திருப்பார். கல்யாணத்துக்கு ஒரு கூலி, திருவிழாவுக்கு ஒரு கூலி. பணம் கொடுக்கிறவன் ஆடத் தெரிந்தவன், அவன் காலுக்கு ஒத்து வராவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆளைக் கூப்பிடுவான். கப்பல்காரன் ஐயா பார்த்த வயலின்காரர் ஏன் அந்தப் பெரியவரின் காலையே பார்த்தார்? அதுதான் அவருடைய பரீட்சை.

ஏதென்ஸ்வாசி
புதன், இரவு 11.30

நான் அந்த எழுபதுகளின் மறுபக்கத்தைச் சொல்கிறேன். அது யாருக்காகப் பதிவானது என்று பார்க்க வேண்டும்.

போருக்குப் பிறகு தீவுகள் காலியாகின. மலையூரில் ஆடும் கொஞ்சம் வயலும் வைத்து ஆறு பிள்ளைகளை வளர்க்க முடியாது. ஆண்கள் கப்பலுக்கும் கட்டட வேலைக்கும், பெண்கள் ஏதென்ஸில் வீட்டு வேலைக்கும் போனார்கள். ஜெர்மனி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரைக்கும் போனார்கள். ஊரை விட்டுப் போய் வாழும் அந்த நிலைக்குக் கிரேக்கத்தில் க்செனிதியா என்று ஒரு சொல் உண்டு. அதைப் பாடாத தீவு இல்லை. இப்படி ஏதென்ஸுக்கு வந்து ஊர் கட்டிக்கொள்வதும் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அனாஃபி தீவிலிருந்து வந்த கொத்தனார்கள் அக்ரோபோலிஸின் அடிவாரத்தில் தங்கள் தீவு வீடுகளை அப்படியே கட்டிக் குடியேறினார்கள். அனாஃபியோட்டிகா என்ற அந்தச் சந்து இன்றைக்கும் இருக்கிறது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.

ஏதென்ஸில் ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு சங்கம் உண்டு. குளிர்காலத்தில் ஒரு மண்டபம் பிடித்து ஆட்டம் வைப்பார்கள். ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு அதுதான் பனிகிரி. இரீனியும் சகோதரர்களும் பாடியது அப்படிப்பட்ட மண்டபங்களிலும், தீவுப் பாட்டுக்கென்றே இருந்த இரவு விடுதிகளிலும். ஐந்நூறு பேர் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கும் மண்டபத்தில் இரண்டு பேர் ஸிகியா வாசித்தால் மூன்றாவது மேசைக்குக் கேட்காது. மைக்கும் பேஸும் டிரம்ஸும் அதனால் வந்தன.

என் கீழ்வீட்டுப் பாட்டிக்கும் அந்த மண்டபங்கள்தான் வாழ்க்கை. பதினைந்து வயதில் ஏதென்ஸுக்கு வேலைக்கு வந்தவர். முப்பது வருடம் வேறொருவர் வீட்டுத் தரையைத் துடைத்தவர். வருடத்தில் ஓர் இரவு நல்ல உடுப்பு உடுத்தி, தன் ஊர் வரியைத் தன் ஊர்ப் பெண் ஒருத்தி மேடையில் நின்று பாடுவதைக் கேட்பார். அவரிடம் போய் இது சுத்தமான நாட்டுப்பாடலா என்று கேட்க எனக்கு வாய் வராது.

பழைய தட்டு
வியாழன், காலை 7.10

இரவே படித்தேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை.

மண்டபத்தின் கணக்கை நான் யோசிக்கவில்லை. தட்டை மட்டும் வைத்துக் கேட்டேன், யார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் த்சம்பூனா விஷயத்தில் என் வருத்தம் அப்படியே இருக்கிறது. வாத்தியம் அழிந்துபோகாமல் இருந்ததற்குக் காரணம் சில மேய்ப்பர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். கடந்த இருபது வருடத்தில் இளைஞர்கள் மறுபடி கையில் எடுத்திருக்கிறார்கள், தோலைப் பதப்படுத்துவதிலிருந்து கற்கிறார்கள். நடுவில் ஒரு தலைமுறைக்கு அதைக் கேவலமாக நினைக்க வைத்துவிட்டார்கள், ஆட்டுக்காரன் வாத்தியம் என்று. அந்தக் கேவலம் தட்டு வந்ததால் வந்ததா, நகரம் வந்ததால் வந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தின் தலையில் போடுவது நியாயமில்லை, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

நாட்டுப்பாடலைச் சேகரித்துக் காத்தவர்களின் வழி வேறாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைமன் காராஸ் 1929-இல் அதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். அவரிடம் படித்த டோம்னா சாமியு 1954-இல் வானொலியில் சேர்ந்து, பிறகு ஊர் ஊராக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். சுவிட்சர்லாந்துக்காரர் சாமுவேல் போ-போவி முப்பதுகளிலேயே ரோட்ஸ் பக்கத்துத் தீவுகளில் பாட்டுகளைக் குறித்து வைத்தார். அவர்கள் கேட்டு எழுதினார்கள். கொனிடோபூலோஸ் குடும்பம் ஆட வைத்தது. இரண்டும் வேண்டியிருந்தது.

மழைக்காலம்
வியாழன், காலை 11.45

எனக்கு ஒரு கேள்வி. ஒரு பெண் அந்தக் காலத்தில் திருவிழா மேடையில் பாடுவது அங்கே சாதாரணமா? நம் பக்கத்தில் அது எவ்வளவு பேச்சுக்கு ஆளாகும் என்று தெரியும்.

ஏதென்ஸ்வாசி
வியாழன், மாலை 5.20

நல்ல கேள்வி. பெண்கள் பாடாத இடமே இல்லை: தாலாட்டு, கல்யாணத்தில் மணப்பெண்ணை அலங்கரிக்கும் பாட்டு, ஒப்பாரி, ஆலிவ் பொறுக்கும் பாட்டு எல்லாம் அவர்களுடையதுதான். ஆனால் கூலி வாங்கி வாசிக்கும் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள். நள்ளிரவில், ஆண்கள் குடித்துக்கொண்டிருக்கும் சதுக்கத்தில், பலகை மேல் ஒரு பெண் உட்கார்வது லேசான காரியம் இல்லை.

இங்கேதான் குடும்பம் என்பதன் அர்த்தம் எனக்குப் பிடிபடுகிறது. அப்பா வயலினோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அப்புறம் தம்பிகள். வீட்டின் நிழலிலேயே இரீனி மேடை ஏறிவிட்டார். அவர் மகள் ஏறும்போது அம்மாவே மேடையில் இருக்கிறார். எலெனி, ஸ்டெல்லா, நாசியா காலத்தில் தீவுப் பாட்டு என்றாலே பெண் குரல் என்று ஜனங்கள் நினைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. கோஸ் தீவின் அன்னா கரபெசீனி, எஃபி சாரி என்ற அக்கா தங்கையையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அவர்களும் சேர்ந்தே பாடியவர்கள்.

நரம்பிசை
வியாழன், இரவு 8.40

இதற்கு இசையிலும் ஒரு பக்கம் உண்டு. அப்பாவிடம் கற்றவருக்கு வில் எங்கே திரும்பும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. இரீனியும் யோர்கோஸும் சேர்ந்த பதிவுகளில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வரியை முடித்து மூச்சு எடுக்கும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே வயலின் உள்ளே நுழைந்துவிடும். வெளியார் என்றால் பாடி முடிக்கட்டும் என்று காத்திருப்பார். தம்பிக்கு அக்காவின் மூச்சு தெரியும்.

வரியின் நடுவே பாடகி திடீரென்று வேறு சொற்களைச் செருகுவார், அன்பே, கண்ணே, அடி பெண்ணே என்பது போல. இதற்குத் த்சகீஸ்மா என்று பெயர், முறிப்பு என்று பொருள். ஒரு பதினைந்தசை வரி இப்படி முறிந்து முறிந்து இரண்டு மடங்கு நீளும். நம் ஏலேலோ போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே சொல்லையே பாதியில் வெட்டிவிட்டுச் செருகுவார்கள், பிறகு வெட்டிய சொல்லை முதலிலிருந்து எடுத்து முழுதாகப் பாடுவார்கள். மொழி தெரியாதவருக்குக் கூட அந்த வெட்டு கேட்கும்.

வெள்ளிவீதி
வியாழன், இரவு 11.10

எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் எழுதினால் போதாது. இந்த நான்கு நாளில் நான் கேட்ட விதமே மாறிவிட்டது.

நரம்பிசை அக்கா சொன்னபடி இரண்டு பேர் மட்டும் வாசிக்கும் ஒரு பதிவைத் தேடி எடுத்து லவூத்தோவைப் பின்தொடர்ந்தேன். முதல் மூன்று முறை தவறவிட்டேன், குரல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான்காவது முறை பிடித்தேன். பிடித்ததும் என் கட்டை விரல் மேசையில் தானாக அடிக்கத் தொடங்கியது. அம்மா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பழைய தட்டு, த்சம்பூனா பதிவுகள் உங்களிடம் இருந்தால் எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள். அந்த ஆறு சுரத்தையும் கேட்க வேண்டும். கப்பல்காரன் ஐயா, உங்கள் சமையல்காரர் இப்போது எங்கே இருக்கிறார்?

கப்பல்காரன்
வெள்ளி, காலை 5.50

ஊரில்தான் இருக்கிறார். கடலை விட்டு ஒன்பது வருடம் ஆயிற்று. ஆடு வளர்க்கிறார், முழங்கால் வலி. 2022-இல் இரீனி அம்மா போன செய்தி வந்ததும் நான்தான் போன் போட்டேன். எடுத்தார், பேசவில்லை. பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரகரவென்று ஒரு பக்கம் தேய்ந்த அதே கேசட். நானும் பேசாமல் அந்தப் பாட்டு முடியும் வரைக்கும் போனைக் காதில் வைத்திருந்தேன். முடிந்ததும், "ஆகஸ்டுக்கு வா" என்றார்.

இந்த வருடம் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.